செம்பனைக் காட்டில் பெயிண்ட்பால்: என்ன சப்பாத்து போடுவது?

மலர்_கிள்ளான்

அனைவருக்கும் வணக்கம். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் எங்கள் குடும்பத்தில் பதினாறு பேர் சேர்ந்து பெயிண்ட்பால் விளையாடப் போகிறோம், சாயக் குண்டால் ஒருவரை ஒருவர் சுடும் விளையாட்டு. தம்பியின் ஏற்பாடு. இடம் உலு சிலாங்கூர் பக்கம், தோட்டத்தை ஒட்டிய திடல். ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, ஒரு பக்கம் பழைய கித்தாக் காடு, அதாவது ரப்பர் மரங்கள், நடுவில் ஒரு புல்வெளி என்று சொன்னார்கள். துப்பாக்கி, முகக்கவசம், மேலங்கி எல்லாம் அவர்களே தருகிறார்கள். சப்பாத்து மட்டும் நம்முடையது. கேட்டதற்கு "மூடிய காலணியாக இருந்தால் போதும்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

வீட்டில் இருப்பவற்றைச் சொல்கிறேன். தம்பியிடம் அடிப்பாகம் தடித்த புது ஓட்டச் சப்பாத்து இருக்கிறது. பிள்ளைகளிடம் பள்ளிச் சப்பாத்து. அத்தை மகன்கள் இருவரும் காற்பந்துக்காரர்கள், குமிழ் வைத்த சப்பாத்து வைத்திருக்கிறார்கள். மாமா தொழிற்சாலையில் போடும் இரும்பு முனைச் சப்பாத்தோடு வருகிறேன் என்கிறார். சித்தப்பாவிடம் எப்போதோ கினாபாலு மலை ஏறியபோது வாங்கிய பூட்ஸ் இருக்கிறது, பெட்டியை விட்டு வெளியே வந்து பல வருடம் ஆகிறது. எனக்கு ஏரோபிக்ஸ் வகுப்புக்குப் போடும் சப்பாத்துதான்.

எல்லாருக்கும் புதிதாக வாங்க முடியாது. யாருக்கு எது சரி, யார் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அந்த நேரத்தில் மழையும் இருக்குமே என்றுதான் கவலை.

செல்வா_பட்டர்வொர்த்

அலுவலகத்தோடு போயிருக்கிறேன். ஓட்டச் சப்பாத்துதான் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாங்கள் விளையாடியது கூரை போட்ட கூடத்தில், சிமெண்டுத் தரை. காடு என்றால் எனக்குத் தெரியாது. வெள்ளைச் சப்பாத்து மட்டும் வேண்டாம் சகோதரி, துணி என்றால் சாயம் லேசில் போகாது.

காட்டுப்பாதை

சகோதரி மலர், நான் வார இறுதிகளில் ஒரு பெயிண்ட்பால் திடலில் மார்ஷலாக, அதாவது ஆட்டத்தைக் கண்காணிக்கும் நடுவராக, நிற்கிறேன். பிறந்து வளர்ந்தது தோட்டத்தில். அம்மா பால் வெட்டியவர், அப்பா செம்பனைக் குலை வெட்டியவர். அம்மா காட்டுக்குப் போட்டது குமிழ் வைத்த கித்தாச் சப்பாத்து. அப்பா போட்டது முழங்கால் வரை வரும் கித்தா பூட்ஸ். ஒரே வீடு, ஒரே தோட்டம், ஆனால் காடு வேறு, அதனால் காலில் போடுவதும் வேறு. உங்கள் கேள்விக்கு நான் அங்கிருந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் குண்டு. பெயிண்ட்பால் குண்டு 0.68 அங்குலம், அதாவது ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். எடை மூன்று கிராம் அளவு. நொடிக்கு 300 அடிக்கு மேல் போகாதபடி துப்பாக்கியை அளந்து வைப்பதுதான் வழக்கம். அது சப்பாத்தில் பட்டால் உடைந்து வழியும், அவ்வளவுதான். கணுக்கால் எலும்பில் நேராகப் பட்டால் வலிக்கும், அதற்கு நீளமான தடித்த காலுறை போதும். நான் கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்த யாருக்கும் குண்டு பட்டுக் கால் கெடவில்லை. எல்லாருக்கும் தரையால்தான். ஆகவே "எது பாதுகாப்பான சப்பாத்து" என்று பொதுவாகக் கேட்பதைவிட, திடல்காரரிடம் "தரை எப்படி இருக்கிறது" என்று கேளுங்கள். மட்டைகளை ஒதுக்கியிருக்கிறார்களா, கால்வாய்க்குப் பலகை போட்டிருக்கிறார்களா, முந்தின நாள் மழை பெய்ததா. இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

செம்பனைப் பக்கத்தில் முதல் எதிரி முள். வெட்டிப் போட்ட மட்டைகளை மரங்களுக்கு நடுவே வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். மட்டையின் அடிப்பகுதியில் இரண்டு ஓரமும் முள். மட்டை மக்கினாலும் முள் சீக்கிரம் மக்காது. புல்லுக்கும் சருகுக்கும் கீழே மேல்நோக்கி நிற்கும். குனிந்து ஓடி மறைவிடம் தேடும் ஆள் கண்ணை எதிரிமேல் வைத்திருப்பாரே தவிர, தரைமேல் வைக்க மாட்டார். மட்டை அடுக்கின்மேல் ஏறித் தாண்டுவது இன்னும் மோசம், உள்ளே காலி, கால் முழங்கால் வரை இறங்கிவிடும். அப்புறம் உதிர்ந்த பழங்கள். மரத்தைச் சுற்றிச் சுத்தம் செய்த வட்டத்தில் கிடக்கும், எண்ணெய்ப் பசை உள்ளவை, மிதித்தால் உருளும், நசுங்கினால் வழுக்கும். இந்தப் பக்கத்துக்குக் கெட்டியான அடியும் கணுக்காலை மூடும் உயரமும் உள்ள பூட்ஸ்தான் வேண்டும். மலை ஏறும் பூட்ஸ் இருந்தால் அதுவே முதல் இடம்.

கித்தாக் காடு வேறு கதை. முள் இல்லை. சருகு மெத்தை, அதன் கீழே வேர், படிக்கட்டுபோல வெட்டிய சரிவு, காய் வெடிக்கும் காலமென்றால் வழவழப்பான கொட்டைகள். ஈரச் சருகின்மேல் தட்டையான அடியுள்ள எந்தச் சப்பாத்தும் நிற்காது. இங்கேதான் அம்மா போட்ட அந்தக் கறுப்புச் சப்பாத்து, ஊரில் கம்போங் அடிடாஸ் என்பார்களே, அதை நான் முழு மனதோடு சொல்வேன். அந்தப் பெரிய நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முழுக்கக் கித்தாவில் வார்த்த சப்பாத்து, அடியில் காற்பந்துச் சப்பாத்துபோலக் குமிழ்கள். பட்டணத்து மளிகைக் கடையிலும் இரும்புக் கடையிலும் தொங்கும். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் ஆகும். சேறு ஒட்டாது, தண்ணீர் குடித்துக் கனக்காது, சரிவில் பற்றும். காட்டு ஓட்டப் போட்டிகளுக்குக்கூட நம் ஆட்கள் அதைப் போட்டு ஓடுகிறார்கள். ஆனால் அதன் குறையையும் சொல்ல வேண்டும். அடி மெல்லியது, செம்பனை முள் ஏறிவிடும். உள்ளே மெத்தை கிடையாது. வெறுங்காலோடு போட்டால் அரை மணியில் குதிகால் உரியும். தடித்த காற்பந்துக் காலுறையோடு, சாதாரண அளவைவிட ஓர் அளவு கூட்டி வாங்க வேண்டும். கணுக்காலுக்கு எந்தத் தாங்கலும் இல்லாததால் முன்பு கால் பிரண்டவர்களுக்கு வேண்டாம்.

இப்போது உங்கள் தம்பியின் ஓட்டச் சப்பாத்து. பெயிண்ட்பாலில் யாரும் நேராக ஓடுவதில்லை. பத்து அடி ஓடுகிறோம், சட்டென்று நிற்கிறோம், பக்கவாட்டில் தாவுகிறோம், ஒரு முழங்காலில் உட்கார்கிறோம், மறுபடி எழுகிறோம். தார்ச்சாலையில் நேராக ஓடுவதற்காகச் செய்த உயரமான மெத்தை அடி, பக்கவாட்டில் அழுத்தும்போது ஒரு புறமாக அமுங்கும். வேரின்மேலோ பழத்தின்மேலோ அப்படி அமுங்கினால் கணுக்கால் உள்பக்கம் மடியும். நான் பார்த்த கணுக்கால் பிரளல்களில் பெரும்பாலானவை இந்த வகைச் சப்பாத்தில்தான். அதிலும் புதியது, விலை கூடியது என்றால் போடுபவருக்கு ஒரு தைரியம் வேறு வந்துவிடுகிறது. தம்பி கட்டாயம் மாற்ற வேண்டும்.

பள்ளிச் சப்பாத்து அடி தட்டை, ஈரத்தில் வழுக்கும். பிள்ளைகள் புல்வெளியில் விளையாடட்டும், அல்லது கித்தாச் சப்பாத்து வாங்கிக் கொடுங்கள், அவர்கள் எடைக்கு அதுவே தாராளம். உங்கள் ஏரோபிக்ஸ் சப்பாத்தும் புல்வெளியோடு சரி. மாமாவின் இரும்பு முனைச் சப்பாத்து கனம்தான், ஆனால் அடி கெட்டி, முள் அவ்வளவு எளிதில் ஏறாது. அவரைச் செம்பனைப் பக்கம், எதிரணி எடுத்துவிடாமல் உங்கள் அணிக் கொடியைக் காக்கும் வேலைக்கு நிறுத்துங்கள். செம்மண் சகதியில் அந்த அடியின் மேலோட்டமான வரிகள் அடைத்துக்கொள்ளும், சரிவில் மட்டும் ஓடவிட வேண்டாம்.

சப்பாத்து எதுவானாலும் கயிறு கட்டுவதில் கவனம் வேண்டும். ஆட்டத்தின் நடுவே கயிறு அவிழ்ந்தால் ஆள் குனிவார். குனிந்தால் கண்ணாடியில் ஆவி படியும், கயிறு தெரியாது, உடனே கை முகக்கவசத்துக்குப் போகும். அந்த ஒரு நொடிக்காகத்தான் நாங்கள் விசிலோடு நிற்கிறோம். திடலுக்குள் எந்தக் காரணத்துக்கும் முகக்கவசத்தைத் தூக்கக் கூடாது. குண்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஆகவே முதலிலேயே இரட்டை முடிச்சுப் போட்டு, மீதிக் கயிற்றைச் சப்பாத்துக்குள் செருகிவிடுங்கள், செடிகொடியிலும் வேரிலும் மாட்டாது. பெரும்பாலான விளையாட்டுச் சப்பாத்துகளில் மேலே சற்றுப் பின்தள்ளி ஒரு கூடுதல் துளை இருக்கும், யாரும் பயன்படுத்துவதில்லை. கயிற்றை அதே பக்கத்தில் அந்தத் துளைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் வைத்து, எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னால் கெட்டியாக உட்காரும். சரிவில் இறங்கும்போது கால் முன்னால் போய் நகம் கறுப்பதும் குறையும். முந்தின நாளே கால் நகத்தை வெட்டிவிடச் சொல்லுங்கள்.

காலுறை பருத்தியில் வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொப்புளம் போடும். முழங்கால் வரை வரும் காற்பந்துக் காலுறை நல்லது, கால்சட்டையின் அடியை அதற்குள் விட்டுக்கொள்ளலாம். கித்தாக் காட்டில் மழைக்குப் பிறகு அட்டைப்பூச்சி இருக்கும், காலுறையின் வெளிப்புறம் சோப்பைத் தேய்த்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். மாற்றுக் காலுறை ஒரு சோடி கட்டாயம்.

ஒரு சங்கதி சொல்லி முடிக்கிறேன். இந்த விளையாட்டின் முதல் ஆட்டம் 1981 ஜூனில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹென்னிக்கர் என்ற ஊர்க் காட்டில் நடந்தது. மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் போடும் சாயத் துப்பாக்கியை வைத்துப் பன்னிரண்டு பேர் விளையாடினார்கள். வென்றவர் ரிச்சி வைட் என்ற வனத் தொழிலாளி. ஒரு குண்டுகூடச் சுடாமல் எல்லாக் கொடிகளையும் எடுத்து வந்தார். காட்டில் நடக்கத் தெரிந்தவர் அவர். நான் புதியவர்களுக்குச் சுடுவதைக் கற்றுக்கொடுப்பதற்கு முன் காலை எப்படி வைப்பது என்றுதான் காட்டுவேன்.

இப்போ_சப்பாத்துக்கடை

எனக்குப் பெயிண்ட்பால் தெரியாது. சப்பாத்து தைப்பதும் ஒட்டுவதும் என் தொழில். மலர் அம்மா, உங்கள் சித்தப்பாவின் கினாபாலு பூட்ஸைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

பழைய மலையேறும் பூட்ஸ் பலவற்றில் நடு அடி பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. பார்க்க ஒன்றும் தெரியாது, மேல்தோல் பளபளவென்று இருக்கும். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றிலுள்ள ஈரம் அந்த நடு அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். போட்டு நடந்துகொண்டிருந்தால்கூடக் கொஞ்ச காலம் தாங்கும், பெட்டிக்குள் பூட்டி வைத்தால் சீக்கிரம் கெடும். போட்டுக்கொண்டு கிளம்பி, அரை மணி நேரத்தில் அடி முழுவதும் வாய் பிளந்து கழன்றுவிட்டது என்று கையில் தூக்கிக்கொண்டு வருபவர்கள் அதிகம். காட்டின் நடுவே அப்படி ஆனால் முள்ளின்மேல் வெறுங்கால்தான்.

இன்றே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நடு அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ, பொடி உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ கதை முடிந்தது. நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் இரண்டு மூன்று நாள் வீட்டைச் சுற்றிப் போட்டு நடந்து, மாடிப்படி ஏறி இறங்கிப் பார்க்கட்டும். வெளி அடி மட்டும் கழன்றிருந்தால் எங்களைப் போன்றவர்கள் பசை போட்டுச் சுற்றித் தைத்துத் தரலாம். நடு அடியே பொடிந்துவிட்டால் பசைக்குப் பிடிமானம் இல்லை, ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் காசு கொடுக்காதீர்கள்.

ஸ்கூடாய்_எண்7

புல்வெளிப் பகுதியைப் பற்றி நான் சொல்கிறேன். காற்றடைத்த தடுப்புகளை வைத்து விளையாடும் ஸ்பீட்பால் குழுவில் இருக்கிறேன்.

அத்தை மகன்களின் காற்பந்துச் சப்பாத்து புல்லுக்கு மிகவும் ஏற்றது. நாங்களே அந்த வகைதான் போடுகிறோம். ஆனால் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழ் முழுவதும் அடியோடு சேர்ந்து வார்த்த பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். சேற்றுத் திடலுக்கென்று திருகி மாட்டும் உலோக முனைக் குமிழ் இருந்தால் பெரும்பாலான இடங்களில் உள்ளே விட மாட்டார்கள். காற்றுத் தடுப்பு கிழியும், விழுந்து கிடக்கும் ஆளின் கை மேல் மிதித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. குண்டுக்குள் இருப்பது எண்ணெய்ச் சாயம் அல்ல, தண்ணீரில் கரையும் பாலிஎத்திலீன் கிளைகோல். வழவழவென்று இருக்கும். மதியத்துக்குமேல் தடுப்புகளைச் சுற்றியுள்ள புல் முழுக்க அது பூசியிருக்கும், வெயில் நாளிலும் மழை நாள்போல வழுக்கும். தட்டை அடியோடு அங்கே ஓடி வந்து நிற்க முடியாது. அதே குமிழ்ச் சப்பாத்தோடு ஓய்வுக் கூடத்தின் சிமெண்டுத் தரையில் நடக்கும்போதும் கவனம், அங்கே குமிழ் பற்றாது. நான் பைக்குள் ஒரு சோடி ஜப்பான் சிலிப்பர், அதாவது வார்ச் செருப்பு, வைத்திருப்பேன், திடலுக்கு வெளியே அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவினால் போய்விடும். மெல்லிய தோல், வெள்ளைத் துணி இரண்டிலும் மட்டும் கறை தங்கலாம். வெயிலில் காய வைக்க வேண்டாம், உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள்.

மலர்_கிள்ளான்

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றே பெட்டியைத் திறந்தோம். சப்பாத்துக்கடை ஐயா சொன்னபடியே கட்டைவிரல் வைத்ததும் பொடி உதிர்ந்தது. சித்தப்பா முகம் வாடிவிட்டது, மலை உச்சிவரை போய்வந்த சப்பாத்து அல்லவா. மாமா கொடியைக் காக்கச் சம்மதித்துவிட்டார். அத்தை மகன்களுடையது பிளாஸ்டிக் குமிழ்தான்.

காட்டுப்பாதை அண்ணா, இன்னும் ஒரு கேள்வி. சித்தப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, சில நேரம் பாதம் மரத்துப்போகிறது என்பார். பூட்ஸ் போனதால் அவருக்கும் கித்தாச் சப்பாத்தே வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். அவர் வரவேண்டும் என்று பிள்ளைகள் எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?

காட்டுப்பாதை

சகோதரி, கேட்டது மிகவும் நல்லதாகப் போயிற்று. அவருக்குக் கித்தாச் சப்பாத்து வேண்டாம். எனக்குப் பிடித்த சப்பாத்துதான், ஆனாலும் அவருக்கு வேண்டாம். பாதம் மரத்துப்போகும் ஆளுக்கு முள் ஏறினாலும் தெரியாது, கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. வலிக்கவில்லையே என்று மாலைவரை நடப்பார். தோட்டத்துத் தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், புண் வழியாக எலிக் காய்ச்சல் வரும் ஆபத்து நம் எல்லாருக்கும் உண்டு. சர்க்கரைக்காரர்களுக்குப் புண் ஆறுவதே பெரும் பாடு. எங்கள் தோட்டத்தில் சின்னக் காயத்தில் தொடங்கிக் காலை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் அவர் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் பாதத்தைக் காட்டி, விளையாடலாமா என்று கேட்கட்டும். சரி என்றால், அன்றைக்கென்று புதுச் சப்பாத்து வாங்க வேண்டாம். ஏற்கெனவே பல மாதம் போட்டுப் பழகி, எங்கும் கடிக்காத, கெட்டி அடியுள்ள மூடிய சப்பாத்து வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் இப்போதே கணுக்கால் மூடும் நடைப் பூட்ஸ் ஒன்று வாங்கி, விளையாட்டு நாள்வரை தினமும் கொஞ்ச நேரம் போட்டு நடக்கட்டும். கடைக்கு மாலையில் போங்கள், பகல் முழுவதும் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. அன்று போடப்போகும் காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும்.

காலை முதல் ஆட்டத்திலேயே அவரைச் சேர்த்துவிடுங்கள். தரை காய்ந்திருக்கும், மழை பெரும்பாலும் மதியத்துக்குமேல்தான். செம்பனைப் பக்கம் வேண்டாம், புல்வெளி மட்டும். போடுவதற்கு முன் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும், கல்லோ முள்ளோ இருக்கலாம். ஆட்டம் முடிந்ததும் காலுறையைக் கழற்றி, விரல் இடுக்கு, குதிகால், அடிப்பாதம் எல்லாவற்றையும் நீங்களோ தம்பியோ கண்ணால் பாருங்கள். அவர் குனிந்து பார்த்துச் சரி என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். எங்கேயாவது சிவந்திருந்தால் அன்றைக்கு அதோடு போதும். நீங்கள் போகும் நாளில் யார் மார்ஷலோ, அவரிடம் சித்தப்பாவைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவருக்கு உட்கார ஒரு நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் புல்வெளி ஓரத்தில் போட்டுத் தருவார்கள்.